நாற்பதுக்கு மூன்று

ஏழாம் வகுப்புக் கணக்கை என் தலையில் கட்டியபோது எனக்கு வயது இருபத்திரண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, உடையார்பாளையத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எழுபதுகளின் கடைசி. அரியலூர், பெரம்பலூர் எல்லாமே அப்போது திருச்சி மாவட்டம்தான். தமிழும் வரலாறும் எடுத்தால் போதும் என்றுதான் தலைமையாசிரியர் முதலில் சொன்னார். இரண்டாவது மாதமே கணக்கு எடுத்துக்கொண்டிருந்த சார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஏழாங் கிளாஸ் கணக்குதானம்மா, என்ன பிரமாதம்? புஸ்தகத்தப் பாத்து போர்டுல போட்டுட்டுப் போங்க" என்றார் தலைமையாசிரியர்.

எனக்குக் கணக்கு என்றாலே பயம். காரணம் பின்னம். நான் ஆறாவது படிக்கும்போது, மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டார்கள். நான்குதானே பெரிய எண், அதனால் நான்கில் ஒன்று என்றேன். முட்டியில் அளவுகோலால் அடி விழுந்தது. ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பிறகு குறுக்குப் பெருக்கல் சொல்லித் தந்தார்கள். இடது பக்கத்து மேல் எண்ணை வலது பக்கத்துக் கீழ் எண்ணால் பெருக்கு, வலது பக்கத்து மேல் எண்ணை இடது பக்கத்துக் கீழ் எண்ணால் பெருக்கு, எந்தப் பக்கம் அதிகம் வருகிறதோ அந்தப் பின்னம் பெரியது. அடி விழாமல் காப்பாற்றுகிற மந்திரம் போல அதைப் பிடித்துக்கொண்டேன். அது ஏன் சரியாக வருகிறது என்று யோசித்ததே இல்லை. பயிற்சிப் பள்ளியில்கூட அதை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன்.

ஆகவே பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தேன். கரும்பலகையில் இரண்டு பின்னங்களை எழுதி, பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகளைக் குறுக்கே இழுத்து, "இத இதால, அத அதால" என்று பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்னார்கள். பாடம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தது.

காலாண்டுத் தேர்வில் 'எது பெரியது, வழிமுறையுடன் எழுதுக' என்று ஐந்து ஜோடிப் பின்னங்கள் கொடுத்திருந்தேன். தாள்களைத் திருத்தும்போது ஒரு தாளில் ஐந்து கேள்விக்கும் விடை மட்டும் இருந்தது. பெரிய பின்னத்தைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். குறுக்குக் கோடு இல்லை, பெருக்கல் இல்லை. ஐந்தும் சரி.

அந்தத் தாள் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணுடையது. ஏழாம் வகுப்புக்கு வயது கொஞ்சம் அதிகம், பதினாலு இருக்கும். அறுவடை நேரங்களில் பள்ளிக்கு வராமல் இரண்டு வருஷம் பின்தங்கியவள். காலனிப் பிள்ளை. காலனிப் பிள்ளைகள் எல்லாரும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். யார் அப்படி உட்காரச் சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை, வந்தபோதே அப்படித்தான் இருந்தது. அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, பாவாடை ஓரத்தைத் திருகியபடி தரையைப் பார்ப்பாள்.

தாளைக் கொடுக்கும்போது அவளை முன்னால் கூப்பிட்டேன்.

"வழி எங்க?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"யாரப் பாத்து எழுதுன?"

"யாரையும் பாக்கல டீச்சர்."

"பாக்காம ஆன்சர் எப்படி வரும்? ஆகாசத்துலருந்தா?"

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது. ஐந்துக்கும் சுழி போட்டுக் கொடுத்தேன். அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளின் தாளை எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், அதில் இரண்டு விடைகள் தப்பு. முன்னால் இருந்தவளுக்கு மூன்று தப்பு. யாரைப் பார்த்தும் எழுதியிருக்க முடியாது. நான் பார்க்கவில்லை.

தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. அவள் மட்டுமல்ல, கடைசி இரண்டு வரிசையும் காலி. ஐப்பசி மாதம், ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை முற்றிச் செடி பிடுங்குகிற காலம். ஊரில் பாதிப் பேர், கொல்லை என்று அங்கே சொல்லும் புன்செய் நிலத்தில்தான் கிடந்தார்கள். பத்து நாள் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை என் முன்னால் போட்டார்.

"சனிக்கெழம ஒரு நட போயிப் பாத்துட்டு வாங்கம்மா. நீங்க போனா பொம்பளைங்க கொஞ்சம் கேப்பாங்க. நான் போனா ஓடி ஒளிஞ்சுக்குதுங்க."

சனிக்கிழமை காலையில் குடை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்திரித் தோப்பைத் தாண்டியதும் செம்மண் கொல்லை. பிடுங்கிய செடிகள் அங்கங்கே போராகக் குவிந்து கிடக்க, ஒவ்வொரு குவியலையும் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு கையால் செடியைப் பிடித்து உதறி, மறு கையால் காயை மட்டும் உருவி முன்னால் குவிக்கும் வேலை. பேச்சு நிற்காமல் ஓடும், கையும் நிற்காது. அவளும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையெல்லாம் மண், நகக்கண்ணில் செம்மண் ஏறிப்போயிருந்தது.

அவள் அம்மா ஒல்லியான, உயரமான மனுஷி. குரல் மட்டும் கணீரென்று இருக்கும். "வாங்க டீச்சரம்மா. புள்ளயக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தீங்களா? இன்னும் பத்து நாளு. ஆஞ்சு முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுடறேன்" என்றாள்.

நான் பேச வாயெடுக்கும் முன்பே கொல்லைக்காரர் வந்துவிட்டார். அவர் எனக்கும் வேண்டியவர். அவர் வீட்டின் பின்கட்டில்தான் ஒரு அறையில் நான் குடியிருந்தேன். தனியாக வந்திருக்கும் பெண் என்று அவராகவே கூப்பிட்டு இடம் கொடுத்தார். அவர் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர், அவர் வீட்டு மாட்டுப் பால்தான் எனக்கும். ஐம்பது வயதுக்காரர், சத்தமாகப் பேசுவார், ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார்.

கடலை ஆய்வதற்கு அந்தப் பக்கத்தில் காசு கிடையாது, காயிலேயே கூலி. பன்னிரண்டு மரக்கால் காய் ஆய்ந்து கொட்டினால் அதில் ஒரு மரக்கால் ஆய்ந்தவருக்கு. பல வருஷமாக அதுதான் வழக்கம். கொல்லைக்காரர் குவியல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தத் தடவ காயி நல்லா புடிச்சிருக்கு. ஒங்களுக்கும் கொஞ்சம் கூடக் கெடைக்கட்டும். பன்னெண்டுக்கு ஒண்ணு வேணாம். நாப்பதுக்கு மூணு எடுத்துக்குங்க. அளக்கவும் சுருக்கா முடிஞ்சுரும்."

நான் நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று இருந்த இடத்தில் மூன்று. ஆனால் பெண்கள் யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஆய்ந்துகொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

அவள் அம்மாதான் பேசினாள். "அது கொறையுதே ஆண்ட."

"மூணு தரேங்கறேன், கொறையுதுங்கறியே!"

"பன்னெண்டுக்கு ஒண்ணுன்னா முப்பத்தாறுக்கே மூணு வந்துருது. அப்பறம் மேக்கொண்டு நாலு மரக்கா சும்மாவா ஆயறது?"

கொல்லைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன ஒங்கள ஏமாத்தவா சொல்றேன்? கூடக் குடுக்கணும்னு வந்தா இப்படிப் பேசறீங்க" என்றவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். "இந்தா, டீச்சரே நிக்கறாங்க. கணக்கு டீச்சர். அவங்களே சொல்லட்டும். எது பெருசு டீச்சர்? சொல்லுங்க."

இருபது, இருபத்தைந்து பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கரும்பலகை இல்லை, சாக்பீஸ் இல்லை. உள்ளங்கையில் விரலால் எழுதினேன். பன்னிரண்டில் ஒன்று, நாற்பதில் மூன்று. குறுக்கே கோடு. ஒன்றை நாற்பதால் பெருக்கினால் நாற்பது. மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கினால் முப்பத்தாறு. நாற்பது பெரியது, ஆகவே பன்னிரண்டில் ஒன்றுதான் பெரியது. அந்த அம்மா சொன்னதுதான் சரி. எழுத்துக்கூடத் தெரியாத அவள் மூச்சு விடுகிற நேரத்தில் சொன்னதை, நான் வியர்க்க வியர்க்கப் போட்டு அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன்.

கண்டுபிடித்த பிறகும் வாய் திறக்கவில்லை. எனக்கு இந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது. "பெருக்கிப் பாத்துச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொல்லத்தான் நினைத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்காதவள், அப்போது நேராக என் முகத்தைப் பார்த்தாள். கோபமோ கெஞ்சலோ இல்லை. இவளுக்காவது விடை தெரியுமா என்று பார்ப்பது போல இருந்தது.

"பன்னெண்டுக்கு ஒண்ணுதாங்க பெருசு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். "நாப்பதுக்கு மூணுங்கறது கொஞ்சம் கம்மிங்க."

கொல்லைக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, பழையபடியே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறி நடந்துவிட்டார். பெண்கள் மறுபடி குனிந்து ஆயத் தொடங்கினார்கள். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒருத்தி மட்டும் ஒரு பிடி பச்சைக் கடலையை என் முந்தானையில் போட்டாள்.

அந்தப் பெண் என்னை முந்திரித் தோப்பு வரை கொண்டுவந்து விட்டாள். நடக்கும்போது கேட்டேன்.

"ஒங்கம்மா எப்படி அவ்வளவு சுருக்கா சொன்னாங்க?"

"இதுல என்ன டீச்சர் இருக்கு? ஆயறவங்களுக்குத் தெரியாதா?"

"ஒனக்கும் தெரிஞ்சுதா?"

"ம்."

"பரீட்சையில... ஆறில் அஞ்சு, எட்டில் ஏழு. எது பெருசுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் தயங்கினாள். மறுபடி திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். "சொல்லு, ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றேன்.

"ரெண்டுலயும் ஒண்ணுதான் டீச்சர் பாக்கி. ஆறுல அஞ்சு எடுத்தா ஒரு பங்கு மிச்சம். எட்டுல ஏழு எடுத்தா ஒரு பங்கு மிச்சம். ஆனா ஆறா பிரிச்ச பங்கு பெரிய பங்கு, எட்டா பிரிச்சது சின்னப் பங்கு. பெருசா மிச்சம் வச்சவன்தான கம்மியா எடுத்துருக்கான்?"

நான் நின்றுவிட்டேன்.

"ஒம்பதில் நாலு, எட்டில் அஞ்சு?"

"ஒம்பதுல பாதின்னா நாலரை. நாலு பாதிக்குக் கீழ. எட்டுல பாதி நாலு. அஞ்சு பாதிக்கு மேல." இதற்கெல்லாமா கேள்வி என்பது போலச் சொன்னாள். "ஏழுல மூணு, பதினொண்ணுல மூணு குடுத்தீங்கல்ல, அதுல எடுக்கறது ரெண்டுலயும் மூணு பங்குதான். ஏழா பிரிச்சா பங்கு பெருசு."

அந்த ஐந்து கேள்விகளை நான் எந்த யோசனையும் இல்லாமல் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் அவள் தனித்தனியாகப் பார்த்து, அதற்கேற்ற வழியில் போயிருக்கிறாள். நான் சுழி போட்டிருந்தேன்.

"இத ஏன்டி எழுதல?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக் குடுத்த வழி இது இல்லியே டீச்சர். வேற வழி எழுதுனா தப்பாயிடும்னு நெனச்சேன்."

அன்று பொழுது சாயும் நேரம் கொல்லைக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தன.

"டீச்சர், அத ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

குறுக்குக் கோடு போடக் கை போயிற்று. பிறகு வேண்டாம் என்று, அந்த அம்மா சொன்னபடியே எழுதினேன். பன்னிரண்டுக்கு ஒன்று, இருபத்துநாலுக்கு இரண்டு, முப்பத்தாறுக்கு மூன்று. அதன் கீழே நாற்பதுக்கு மூன்று. அவர் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"மூணுங்கறத மட்டுந்தான் பாத்தேன்" என்றார் மெதுவாக. "அப்ப நான் ஏமாத்தத்தான் வந்தேன்னு நெனச்சிருப்பாளுங்க."

"எங்க கிளாசுல பாதிப் பிள்ளைங்க அப்படித்தாங்க போடறாங்க. மேல இருக்கற நம்பரத்தான் பாக்கறாங்க. நானும் சின்ன வயசுல தப்பாத்தான் சொன்னேன்."

அவர் சிரித்தார் என்று சொல்லமுடியாது. தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல்தான் என்று நம்புகிறேன். தெரிந்து சொல்கிறவர் என்னிடம் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அவர் வீட்டம்மா அதன் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பால் வந்தது, பேச்சு வரவில்லை. தை மாதம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தபால்காரர் வீட்டில் ஒரு அறை காலியானதும் நானாகவே மாறிக்கொண்டேன்.

அவள் அம்மா சொன்னபடியே பத்தாம் நாள் மகளைக் கொண்டுவந்து விட்டாள். அன்று கணக்கு வகுப்பில் நான் செய்தது என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியங்களில் ஒன்று. அவளுடைய தாளை வாங்கி, வகுப்புக்கு முன்னால் உயர்த்திக் காட்டி, "இதுல அஞ்சும் சரி. இவ யாரையும் பாத்து எழுதல. நான்தான் விசாரிக்காம தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று, சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை போலும்.

மதிப்பெண்ணைத் திருத்தத் தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "வழி எழுதாததுக்கு மார்க் போட்டா, நாளைக்கி இன்ஸ்பெக்ஷன்ல யாரு பதில் சொல்றது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே அவளையே வழியை எழுதச் சொன்னேன். எண்ணாக எழுதத் தெரியவில்லை என்றாள். பேசுகிற மாதிரியே எழுது என்றேன். அரைப் பக்கம் எழுதினாள். அவள் எழுத்து பெரிய பெரிய எழுத்தாக, கோட்டை விட்டு இறங்கிப் போகும். 'பெரிய பங்கை மிச்சம் வைத்தவர் குறைவாக எடுத்தவர்' என்று இருந்தது. தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கி இரண்டு முறை படித்தார். "இதுக்கு மேல என்ன வழி வேணும்?" என்று அவராகவே சுழியை அடித்து மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அதற்குப் பிறகு என் வகுப்பு கொஞ்சம் மாறியது. இரண்டு பின்னங்களை எழுதியதும், "யாரும் பெருக்காதீங்க. முதல்ல பாருங்க" என்பேன். கீழே ஒரே எண்ணா? மேலே ஒரே எண்ணா? பாதிக்கு மேலா, கீழா? முழுசுக்கு எவ்வளவு குறைகிறது? இவற்றில் எதுவும் கைகொடுக்காவிட்டால் மட்டும் பெருக்கலாம். ஒருநாள் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஆறில் அஞ்சுலயும் ஒண்ணுதான் கொறையுது, எட்டில் ஏழுலயும் ஒண்ணுதான் கொறையுது. அப்ப ரெண்டும் சமம் டீச்சர்" என்றான். முன்பு என்றால் உட்காரடா என்றிருப்பேன். அன்று கரும்பலகையில் ஒரே நீளத்தில் இரண்டு பட்டை வரைந்து, ஒன்றை ஆறாகவும் ஒன்றை எட்டாகவும் பிரித்து, இரண்டிலும் கடைசிக் கட்டத்தை மட்டும் தேய்த்து அழிக்கச் சொன்னேன். அவன் தேய்த்துவிட்டு, தேய்த்த இடங்களை விரலால் அளந்து பார்த்து, "ஆங்" என்றான்.

அவளே ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டதும் அந்த வருஷம்தான். அவளுக்காகவே தேடி ஒரு ஜோடி போட்டேன். ஏழில் ஐந்து, பதினொன்றில் எட்டு. மேலும் கீழும் வேறு வேறு எண். இரண்டும் பாதிக்கு மேல். மிச்சம் பார்த்தால் ஏழில் இரண்டு, பதினொன்றில் மூன்று, அதிலும் எது பெரியது என்று சட்டென்று தெரியாது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பலகையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது புடிபடல டீச்சர். பங்கு ரெண்டும் வேற வேறயா இருக்கு."

"ஒரே பங்கா மாத்திட்டா?"

"எப்படி?"

"ஏழு பங்குல ஒவ்வொண்ணையும் பதினொண்ணா வெட்டு. பதினொரு பங்குல ஒவ்வொண்ணையும் ஏழா வெட்டு. ரெண்டுலயும் எழுபத்தேழு துண்டு வரும். எல்லாம் ஒரே அளவு."

அவள் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஏழில் ஐந்து என்பது ஐம்பத்தைந்து துண்டு. பதினொன்றில் எட்டு என்பது ஐம்பத்தாறு துண்டு. "ஒரே ஒரு துண்டுதான் டீச்சர் வித்தியாசம்!" என்றாள். பிறகு பலகையைப் பார்த்தபடியே, "நீங்க குறுக்கால பெருக்கச் சொன்னீங்கல்ல, அதுலயும் இதே அம்பத்தஞ்சு, அம்பத்தாறுதான வருது?" என்றாள்.

ஆமாம், அதே எண்கள்தான். பத்துப் பதினோரு வருஷமாக நான் போட்ட குறுக்குக் கோடு, ஒரே அளவான துண்டுகளை எண்ணுகிற வேலைதான். கீழே வரும் எழுபத்தேழை எழுதாமல் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். அதை அவள் கேட்ட பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. "ஆமா, அதேதான்" என்று மட்டும் சொல்லி, சாப்பிடப் போகச் சொன்னேன். தனியாக உட்கார்ந்து இன்னும் நாலைந்து ஜோடிகளைப் போட்டுப் பார்த்தேன். சோறு ஆறிப்போயிற்று.

எட்டாவது முடித்ததும் அவளை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போகவேண்டும். வயசுக்கு வந்த பெண். நான் காலனிக்கு இரண்டு முறை போய்ப் பேசினேன். அவள் அம்மா முடியாது என்று சொல்லவில்லை, ஆகட்டும் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, பேச்சை வேறு எதற்கோ மாற்றினாள். மூன்றாவது முறை போனபோது உட்காரப் பாய் போட்டாள். தண்ணீர் கொடுக்கலாமா என்று தயங்கி நின்றாள். நானாகவே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"பஸ்ஸுக்கு ஒரு தொணப் புள்ள இருந்தா அனுப்பறேன் டீச்சரம்மா" என்றாள் கடைசியில். "அன்னிக்கி கொல்லையில நீங்க எங்களுக்குன்னு பேசணும்னு ஒண்ணும் இல்ல. சரியானதச் சொன்னீங்க. அதனால நீங்க சொன்னா கேக்கலாம்னு தோணுது."

துணைக்கு அதே தெருவிலிருந்து இன்னொரு பெண்ணையும் சேர்த்தோம். இரண்டு பேரும் ஒரே பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

எனக்குக் கல்யாணமாகி, மாற்றல் கேட்டு அரும்பாவூர்ப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே பச்சைமலை அடிவாரம், வேறு மண், வேறு பிள்ளைகள். அவளிடமிருந்து எப்போதாவது இன்லண்ட் கடிதம் வரும். பத்தாவதில் இங்கிலீஷில் போய்விட்டது என்று ஒன்று. கணக்கில் எண்பத்திரண்டு எடுத்தும் பெயிலா என்று அழுதிருந்தது எழுத்திலேயே தெரிந்தது, இரண்டு இடத்தில் மை பரவியிருந்தது. மறுபடி எழுது என்று பதில் போட்டேன். ஒரு பழைய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தையும் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டாவது தடவை பாஸ் பண்ணினாள்.

எண்பதுகளில் பள்ளிகளில் சத்துணவு வந்தபோது பக்கத்து ஊர் மையத்துக்கு அவளை அமைப்பாளராகப் போட்டார்கள். அவள் தெருவில் அரசாங்கப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான் என்று அவளுக்குத் துணையாகப் போன பெண் எழுதியிருந்தாள். என் மாணவி அதையெல்லாம் எழுதவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை ஜெயங்கொண்டத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லமாட்டேன் என்றிருக்கிறார், நீங்கள் அவசியம் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள்.

நானும் என் கணவரும் போனோம். மூன்று பஸ் மாறவேண்டியிருந்தது. பந்தலில் அவள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய், உறவுக்காரப் பெண்கள் நடுவில் உட்கார வைத்தாள். இலையில் சோறு விழுவதற்குள் நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டி, எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்டார்கள்.